விரத வேஃபர்

எங்கள் ஊரில் யாராவது உடம்பு இளைக்க வேண்டும் என்று சொன்னால், விரதம் வரட்டும் என்பார்கள். எங்கள் பழைய நாட்காட்டிப்படி ஜனவரியில் வரும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாற்பது நாள், ஈஸ்டருக்கு முன்னால் ஏழு வாரம். இறைச்சி கிடையாது, பால் கிடையாது, வெண்ணெயும் முட்டையும் கிடையாது. இத்தனையும் விட்டவள் இளைக்காமல் எப்படி இருப்பாள்? அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அம்மாவுக்கும் இல்லை.

அந்த வருஷம் அம்மா இளைத்தே ஆகவேண்டியிருந்தது. என் அண்ணன் ரெல்யாவின் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய் இரண்டாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். கை நரம்புகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டதால் கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். அவனுக்கு இருபத்து மூன்று வயது. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிப்பான்.

அப்பா இல்லை. என் ரத்த வகை அவனுக்குச் சேரவில்லை. அம்மாவுடையது சேர்ந்தது. தலைநகர் பெல்கிரேடில் எல்லாச் சோதனையும் முடிந்த அன்று டாக்டர் லாலிச் அம்மாவை எதிரே உட்கார வைத்தாள். குள்ளமான பெண், சிரிக்கவே மாட்டாள்.

"மிலுங்கா அம்மா, உங்க கிட்னி நல்ல கிட்னி. ஆனா நூத்திரண்டு கிலோ உடம்புல நான் கத்தி வைக்க மாட்டேன். மேஜைமேலயே ஏதாவது ஆயிடலாம். அப்புறம் நீங்க ஒத்தை கிட்னியோட மிச்ச காலத்தை ஓட்டணும். தொண்ணூறுக்கு வாங்க, செய்யலாம்."

"பன்னெண்டு கிலோதானே. மாவு மூட்டையை இறக்கற மாதிரி இறக்கி வச்சுடறேன், டாக்டரம்மா."

"சீக்கிரம் இறக்குங்க. இவன் கழுத்துல இருக்கிற குழாய் போச்சுன்னா அடுத்த குழாயை எங்க போடறதுன்னு எனக்குத் தெரியல."

திரும்பி வரும் பஸ்ஸில் ரெல்யா என் தோளில் சாய்ந்து தூங்கினான். யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். "சாத்துங்கப்பா, நோயாளிப் பையன், கழுத்துல காத்து பட்டா என்ன ஆகும்" என்று அம்மா பஸ் முழுக்கக் கேட்கும்படி அதட்டினாள். பிறகு கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். புனித நிக்கோலாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் எங்கள் குடும்பத்தின் காவலர். ரெல்யாவுக்குத் தன் கிட்னி போய்ச் சேரும்வரை வருகிற விரதம் ஒன்றையும் விடுவதில்லை, பல்லில் ஒரு துளி பால் படாது என்று வாக்குக் கொடுத்தாள். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

அம்மாவும் நானும் ஊர் எல்லையில் இருக்கிற வேஃபர் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்தோம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குப் பேச வராது. பதினாறு வயதில் நின்றுவிட்டேன். அம்மா மேஸ்திரியிடம் பேசி என்னைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். பெல்ட்டில் வேஃபர் வரிசையாக வரும். உடைந்ததை அம்மா பொறுக்கித் தொட்டியில் போடுவாள். முழுசாக வருவதை நான் பெட்டியில் அடுக்குவேன். உடைந்தவற்றை மூட்டை கட்டி வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் ரொட்டி தீர்ந்த நாள் உண்டு, உடைந்த வேஃபர் தீர்ந்த நாள் கிடையாது.

நவம்பர் கடைசியில் விரதம் தொடங்கும்போது தொழிற்சாலையும் விரதத்துக்கு மாறும். பால்பொடி மூட்டைகள் கிடங்குக்குப் போய்விடும். சர்க்கரை, கோகோ, அப்புறம் பெட்டி பெட்டியாக வெள்ளைக் கட்டி மட்டும் இருக்கும். எண்ணெயை எங்கோ ஓர் ஆலையில் இறுக வைத்துச் செய்கிற கொழுப்பு அது. ஜூலை வெயிலில்கூடக் கையில் உருகாது. விரலில் ஒட்டினால் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்க்க வேண்டும். அதை அடித்து நுரையாக்கி வேஃபருக்கு நடுவில் தடவுவார்கள். அட்டையில் "விரதத்துக்கு உகந்தது" என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருக்கும். மடாலயங்களுக்குக்கூட இங்கிருந்துதான் போகும்.

அம்மா விரதத்தைத் தொடங்கினாள். அவளைப் போல் ஒழுங்காக விரதம் இருந்தவர்களை நான் பார்த்ததில்லை. காலையில் ரொட்டியில் வெண்ணெய்க்குப் பதில் மார்கரின். அதுவும் அந்த வெள்ளைக் கட்டியின் தங்கைதான். கொஞ்சம் மஞ்சள் பூசியிருக்கும், அவ்வளவே. மதியம் பீன்ஸ். மாலையில் மெல்லிய மாவுத் தகடுகளில் மார்கரின் தடவி அடுக்கிச் சுட்ட பூசணிக்காய்ப் பை. நடுவில் பசித்தால் வேஃபர். புதன், வெள்ளியில் எண்ணெய்கூடச் சேர்க்கக் கூடாது, எல்லாம் தண்ணீரில் வெந்ததாக இருக்க வேண்டும். அன்றைக்கு அம்மா பீன்ஸில் ஒரு சொட்டு எண்ணெய் விடமாட்டாள். வாய்க்கு ருசியே இல்லாமல் அதைச் சாப்பிட்டு முடித்ததும் வேஃபர் மூட்டையைப் பிரிப்பாள்.

"புதன்கிழமை எண்ணெய் ஆகாதுன்னு சொன்னியே" என்று ரெல்யா ஒருநாள் சீண்டினான்.

"இதுல எண்ணெய் எங்கடா இருக்கு? எண்ணெய்னா ஊத்தறது. இது கெட்டியால்ல இருக்கு."

"அப்ப ஐஸ் தின்னா தண்ணி குடிச்ச கணக்கு இல்லையா? சொல்லு, எனக்கு உபயோகப்படும்."

"நீ வாயை மூடு. உனக்காகத்தான் இவ்வளவும்."

அம்மா கேலிக்குச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அதுதான் நியாயம். புட்டியிலிருந்து ஊற்றினால் எண்ணெய்; காகிதத்தைப் பிரித்து எடுத்தால் எண்ணெய் இல்லை.

டிசம்பரில் புனித நிக்கோலாவின் நாள் வந்தது. எங்கள் வீட்டு விழா. அது விரதத்துக்குள்ளேயே வருவதால் மீனும் விரதப் பலகாரமும்தான். அம்மா இரண்டு நாள் லீவு போட்டு விதவிதமாகச் சின்னச் சின்னக் கேக்குகள் செய்தாள். வால்நட் வைத்தது, ஜாம் வைத்தது, உடைந்த வேஃபரைப் பொடித்து உருட்டியது. எல்லாவற்றிலும் மார்கரின். வருகிறவர்கள் முதலில் வேகவைத்த கோதுமையில் ஒரு கரண்டி எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகு கொண்டுவந்த தட்டுகளைத் திறந்தார்கள். விழா வீட்டுக்காரி உட்காரக் கூடாது, நின்று பரிமாற வேண்டும். நின்றுகொண்டிருந்த அம்மாவின் வாயில் ஒவ்வொருத்தியும் தான் செய்ததை ஊட்டிவிட்டாள்.

"ரெல்யாவோட ஆரோக்கியத்துக்கு ஒண்ணு, மிலுங்கா."

"வேண்டாம்டீ, நான் இளைக்கிறேன்."

"விரதப் பலகாரம்தானே. முட்டை இல்ல, பால் இல்ல. காத்து மாதிரி. பையனுக்காகன்னு சொல்றேன், வேண்டாங்கறியே."

பையனுக்காக என்று சொல்லிவிட்டால் அம்மா எப்படி மறுப்பாள்? ஒவ்வொரு வாய்க்கும் ரெல்யாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சோபாவின் மூலையில் சட்டைக் காலரைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். வால்நட் அவனுக்கு ஆகாது, சாக்லேட் ஆகாது. எல்லோரும் அவனுடைய ஆரோக்கியத்துக்காகத் தின்றார்கள். அவன் வெறும் தட்டை மடியில் வைத்திருந்தான்.

அன்று மாலை அம்மாவின் பாவாடைக் கொக்கி தெறித்தது. துவைத்ததில் துணி சுருங்கிவிட்டது என்றாள். கொக்கிக்குப் பதில் எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொன்னாள். நான் தைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் பெல்கிரேடு போனோம். எடை மெஷினில் ஏறுமுன் அம்மா செருப்பைக் கழற்றினாள், கம்பளிச் சட்டையைக் கழற்றினாள், யோசித்துவிட்டுக் காதுத் தோட்டையும் கழற்றி என் கையில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள்.

"நூத்தாறு" என்றாள் டாக்டர் லாலிச்.

"உங்க மெஷின் கோளாறு, டாக்டரம்மா."

டாக்டர் தானே ஏறிக் காட்டினாள். ஐம்பத்து நாலு. இறங்கி, "நான் தினமும் ஏறுவேன். மெஷின் சரியா இருக்கு. என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"சாப்பிடவே இல்லையே. நாப்பது நாளா விரதம். ஒரு முட்டை தொட்டதில்ல. இவளைக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"விரதத்துல என்னதான் சாப்பிட்டீங்க?"

அம்மா சொன்னாள். பெருமையாகவே சொன்னாள். ரொட்டி, மார்கரின், பீன்ஸ், பை, வேஃபர். எங்கள் வேஃபரில் மிருகத்திலிருந்து வருவது எதுவுமே இல்லை, சுத்தமான தாவரக் கொழுப்பு, அந்தக் கட்டியைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டிருப்பதாகச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஜூலைல உருகுமா அது?"

"உருகாது. நல்ல சரக்கு."

"எண்ணெய் உருகாம இருக்கணும்னா அதை ஆலையில வேற மாதிரி ஆக்கணும், அம்மா. அப்படி ஆக்கறப்ப ஒரு கொழுப்பு உண்டாகுது. பன்னிக் கொழுப்பே பரவாயில்லைன்னு சொல்ற அளவுக்கு அது மோசம். ரத்தக் குழாய்க்குக் கெடுதல்ங்கறதுல சந்தேகமே இல்ல. வயித்தைச் சுத்திச் சதை போட வைக்குதுன்னும் சொல்றாங்க. அதுல சர்க்கரையும் மாவும் வேற. நீங்க ஒரு நாளைக்கு எத்தனை வேஃபர் சாப்பிடுவீங்க?"

"எண்ணினதில்ல. உடைஞ்சதுதானே."

டாக்டர் ரத்தச் சோதனைத் தாளைத் திருப்பிக் காட்டினாள். கெட்ட கொழுப்பும் ஏறியிருந்தது. இதே நிலையில் போனால் எடை இறங்கினாலும் அறுக்க முடியாது என்றாள். முட்டை, தயிர், தோல் உரித்த கோழி, மீன், கீரை, முட்டைக்கோஸ் சாப்பிடலாம். ஆலையில் செய்த இனிப்பு ஒன்றும் கூடாது, மார்கரின் வீட்டுக்குள்ளேயே கூடாது. ஈஸ்டர் முடிந்த வாரம் வர வேண்டும்.

"அப்பவும் இப்படியே வந்தீங்கன்னா உங்களை லிஸ்ட்லருந்து எடுத்துடுவேன். எனக்குக் கோபம் இல்ல. உங்களைக் கொன்னுட்டு இவனைக் காப்பாத்த முடியாது."

தோடுகள் என் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தன. அம்மா அவற்றை வாங்கிப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டாள்.

பஸ்ஸில் அம்மா, "பச்சை எழுத்துல போட்டிருக்கானே" என்றாள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவள் வேறு மனுஷியானாள். வீட்டிலிருந்த மார்கரினை எடுத்து பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போனவள், பாதி வழியில் நின்று யோசித்துவிட்டுக் குப்பையில் போட்டாள். காலையில் இரண்டு முட்டை, மதியம் கோழி, இரவு தயிரும் வெள்ளரிக்காயும். வேஃபர் மூட்டையை வாங்க மறுத்தாள். பெல்ட்டில் எங்களுக்கு எதிரே நிற்கும் டோப்ரிலா அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"என்ன மிலுங்கா, நம்ம சரக்கு உனக்கு ஆகலையா? இருபது வருஷமா நான் திங்கறேன். என்னைப் பாரு."

"பாத்துட்டுத்தான் நிறுத்தினேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. டோப்ரிலா அக்காவும் சிரித்தாள். அப்போதெல்லாம் நாங்கள் சிரிக்க முடிந்தது. சனிக்கிழமைதோறும் மருந்துக்கடை வாசலில் இருக்கிற எடை மெஷினில் அம்மா ஏறுவாள். முள் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் இடதுபக்கம் வந்தது. நூற்றிரண்டு, நூறு, தொண்ணூற்றெட்டு. எலாஸ்டிக் தளர்ந்து பாவாடை இறங்கியது. ரெல்யா கைதட்டி, "கிட்னி பக்கத்துல வந்துட்டுது, சத்தம் கேக்குது" என்றான்.

பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்துக் குழாயில் சீழ் பிடித்திருந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து ஏற்றினார்கள். குழாயைக் காப்பாற்றிவிட்டார்கள்; ஆனால் இன்னொரு தடவை இப்படி வந்தால் எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் வீட்டுக்கு வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கேலி பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை ஈஸ்டர் விரதம் தொடங்கியது.

ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தின் முடிவில்தான் டாக்டர் வரச்சொன்ன தேதி. முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மா குளிர்பதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். முட்டைகள் நிறைய இருந்தன. அந்தப் பருவத்தில்தான் கோழிகள் அதிகம் இடும். வீடுகளில் ஈஸ்டருக்குச் சாயம் ஏற்றச் சேர்த்து வைப்பார்கள்.

"நீ போய் பாதிரியார்கிட்ட கேட்டுட்டு வாடா" என்றாள் என்னிடம். எங்கள் பக்கம் பெண் பிள்ளையையும் செல்லமாக ஆண்பிள்ளை போலத்தான் கூப்பிடுவார்கள். "நான் போனா என் முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சுடுவாரு. நீ பொதுவாக் கேளு. யாரோ ஒருத்திக்குன்னு கேளு."

பாதிரியார் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி மணல்பெட்டியிலிருந்து கட்டிக் கட்டியாக மெழுகைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கிளறினார்.

"மிலுங்கா பொண்ணுதானே நீ? அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

தலையாட்டினேன்.

"ஏதோ கேக்க வந்திருக்க. கேட்டுடு. எனக்கு மெழுகு இறுகிடும்."

"விரதத்துல ஒருத்தி முட்டை சாப்பிடலாமா" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"நோயாளிக்கு விரதம் கிடையாது. கர்ப்பிணிக்குக் கிடையாது. பிரயாணிக்கு, சிப்பாய்க்குக் கிடையாது. அந்த ஒருத்திக்கு என்ன நோய்?"

அவர் கையை முத்தமிட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மாவிடம் நோயாளி சாப்பிடலாமாம் என்று சொன்னேன். அவள் முகம் ஒரு நொடி தெளிந்தது. அப்புறம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் நோயாளி இல்லையே. நோயாளின்னா என் கிட்னியை எடுக்கவே மாட்டாங்க."

அடுப்பில் ரெல்யாவின் உருளைக்கிழங்கு, அவனுக்கு ஆகாத உப்புகள் இறங்குவதற்காக, இரண்டாவது தண்ணீரில் வெந்துகொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்தாள்.

"நான் நல்லா இருக்கேன்னு டாக்டர்கிட்ட நிரூபிக்கணும். நல்லா இருக்கிறவ விரதம் இருக்கணும். அதுவும் நான் வாக்குக் கொடுத்தவ. காய்ச்சல்லருந்து அவன் பிழைச்சு வந்தது எதனாலன்னு நினைக்கறே?"

மருந்தினால் என்று சொல்லியிருக்கலாம். எனக்கே நிச்சயமாகத் தெரியாது.

முதல் வாரம் அவள் விரதம் இருந்தாள். இந்தத் தடவை மார்கரின் இல்லை, பை இல்லை; ஈஸ்டர் விரதத்தில் மீனும் ஆகாது. தண்ணீரில் வெந்த பீன்ஸ், முட்டைக்கோஸ், உப்பு. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் பசித்தது. பெல்ட்டில் நின்று எட்டு மணி நேரம் அந்தக் கோகோ வாசனையில் வேலை செய்யவேண்டும். உடைந்ததைப் பொறுக்கும் அவள் விரல்கள் தொட்டிக்கு மேலே கொஞ்சம் நின்று நின்று போவதைப் பார்த்தேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ரெல்யா போன் செய்து மெஷினில் ரத்தம் சரியாக ஓடவில்லை, மறுபடி மறுபடி அலாரம் அடிக்கிறது என்றான். அம்மா சரி சரி என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தாள். வேலை முடிந்து உடை மாற்றும் அறைக்கு நான் போனபோது அவள் தன் அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கையில் வேஃபர் மூட்டை. சுவரைப் பார்த்து நின்று, மூச்சுவிடாமல் மென்றுகொண்டிருந்தாள். அழவில்லை. கன்னங்கள் இரண்டும் புடைத்திருந்தன. முகவாயெல்லாம் கோகோ.

என்னைப் பார்த்து மெல்வதை நிறுத்தினாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைசியில் விழுங்கினாள்.

"இது பாவம் இல்லடா" என்றாள். "முட்டைதான் பாவம். இது பாவம் இல்ல. அதான் கை போகுது. தெரியுதா உனக்கு? பாவம் இல்லாதது இது ஒண்ணுதான் இங்க இருக்கு."

முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை கொடுத்தேன். வெள்ளிக்கிழமையும் அவள் மூட்டையைத் தேடிப் போனாள். நான் வாசலில் நின்று வேறு யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டேன். அவளைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை மருந்துக்கடை மெஷின் தொண்ணூற்றொன்பதரை காட்டியது. அம்மா இறங்கிவிட்டுக் காசு போட்டு மறுபடி ஏறினாள். அதேதான். மூன்றாவது தடவை காசு எடுக்கப் போனபோது உள்ளேயிருந்து மருந்துக்கடைப் பெண் எட்டிப் பார்த்தாள். அம்மா பர்ஸை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டு மூலையில் புனித நிக்கோலாவின் படம் இருக்கிறது; கீழே எண்ணெய் விளக்கு. அம்மா அதற்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. வட்டிக்காரனிடம் தவணை கேட்பவள் போல் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். பிறகு சமையலறைக்கு வந்து பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, குளிர்பதனப் பெட்டியைத் திறந்து நாலு முட்டை எடுத்துப் போட்டாள். வெந்து முடியும்வரை அடுப்பைவிட்டு நகரவில்லை. பிறகு அவற்றை மறுநாள் வேலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டு டப்பாவில் அடுக்கினாள்.

"வீட்லயே சாப்பிடேன்" என்றேன். "யாருக்கும் தெரியாது."

"திருட்டுத்தனமாத் தின்னா ரெண்டு பாவம். அதுவும் இல்லாம, மத்தியானம்தான் எனக்குக் கை போகுது. அங்கதான் வயிறு நிறைஞ்சிருக்கணும்."

திங்கட்கிழமை தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் நாற்பது பெண்கள் இருந்தோம். எல்லாத் தட்டிலும் பீன்ஸ். மேஜைக்கு நடுவில் விரத வேஃபர் கொட்டி வைத்த தாம்பாளம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அம்மா டப்பாவைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து மேஜை விளிம்பில் தட்டினாள். சின்னச் சத்தம்தான். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அதைப் பார்த்து அடுத்த மேஜையிலும் பேச்சு நின்றது. அம்மா ஓட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்தது.

டோப்ரிலா அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மிலுங்கா, ஈஸ்டர் வந்துடுச்சா? எங்களுக்கு யாரும் சொல்லலையே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூலையிலிருந்து வேறொருத்தி, "பையன் அந்த நிலைமைல கிடக்கறான், அம்மாவுக்கு முட்டை கேக்குது" என்றாள். குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை.

அம்மா உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூலையைப் பார்த்தாள்.

"ஆமா, கேக்குது" என்றாள். "உங்க தாம்பாளத்துல இருக்கறதைத் தின்னு தின்னுதான் என் கிட்னி இன்னும் எனக்குள்ளயே இருக்கு. வாக்குக் கொடுத்தது நான். உடைக்கறதும் நான். கணக்கு கேக்கறவரு என்கிட்ட கேக்கட்டும். நீங்க பீன்ஸைச் சாப்பிடுங்க, ஆறிடும்."

முட்டையில் உப்பைத் தொட்டாள். வாய்க்குக் கொண்டுபோகுமுன் உதடு அசைந்தது. பக்கத்தில் இருந்ததால் அதுவும் எனக்குக் கேட்டது. "என்மேல போடு. அவன்மேல போடாத." கடித்தாள். மெல்ல முடியாமல் மென்றாள். நாற்பது பேரும் பார்க்க ஒரு முட்டையை முடித்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள். அதைப் பாதியாகப் பிளந்து ஒரு பாதியை என் தட்டுக்குத் தள்ளப் பார்த்தாள்; பிறகு யோசித்துக் கையை இழுத்துக்கொண்டாள். என்னை அதில் சேர்க்க மனசில்லை. நானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். டோப்ரிலா அக்கா என்னையே பார்த்துவிட்டு, தாம்பாளத்தை எங்களுக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தாள். கோபத்தில் செய்தாளா, வேறு எதற்காகவா, அன்றைக்குத் தெரியவில்லை.

மணி அடித்து பெல்ட் ஓடத் தொடங்கியது. ரெல்யா அந்த நேரம் மெஷினில் இருப்பான். போன் என் மேலங்கிப் பையில் இருந்தது. அம்மா வேஃபரைப் பார்க்கவில்லை. உடைந்ததும் முழுசும் கலந்து என் பக்கம் வந்தது. அவள் கண் என் பையிலேயே இருந்தது. தண்டனை வருவதானால் அந்த வழியாகத்தான் வரும் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று மணிக்குப் போன் அதிர்ந்தது. அம்மா எட்டி வந்து என் பையிலிருந்து தானே எடுத்தாள். மேஸ்திரி கத்தியதைக் காதில் வாங்கவில்லை.

"சொல்லுடா. ரெல்யா. சொல்லு."

பெல்ட் சத்தத்தில் அவன் குரல் எனக்குக் கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"முடிஞ்சுதா? அலாரம் அடிச்சுதா? ... ஒரு தடவையா? ... பசிக்குதா? சரி. சரி, வரேன்."

போனை என் பையில் போட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றாள். புறங்கையால் கண்ணைத் தேய்த்தாள். பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினாள்.

"இன்னும் ஒன்பதரை கிலோ இருக்கு. நாளைக்கு மூணு முட்டை போதும். அதுல உனக்கு ஒண்ணுகூடக் கிடையாது."

அவள் கை மறுபடி தொட்டிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே போய் வரத் தொடங்கியது. உடைந்தது ஒவ்வொன்றாகத் தொட்டியில் விழுந்தது.